மாண்டிகோ பேயிலிருந்து திரும்பி வந்து, மல்லிகாவுக்கு

எடிசன், நியூ ஜெர்சி
1 ஜூன் 2025

அன்புள்ள மல்லிகா,

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல எனக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விடாமப் போடச் சொல்லு. கொஞ்சம் தெளிவாத் தெரிஞ்சதும் சீரியல் பாக்க உக்காந்துடுவாங்க, அவங்களை எனக்குத் தெரியாதா!

கீர்த்திக்குச் சென்னையில கால் சென்டர் வேலை வந்திருக்கு, ராத்திரி ஷிஃப்ட், அனுப்பவா வேண்டாமான்னு கேட்டிருந்தே. பதில் தள்ளிப்போனதும் ஒருவகையில நல்லதுதான். போன வார இறுதியில ஒரு கால் சென்டர்லயே போய் உக்காந்துட்டு வந்திருக்கேன். எங்கன்னு கேளு. ஜமைக்காவுல, மாண்டிகோ பேயில!

'கம்பெனி செலவுல கரீபியன் கடற்கரையா, கொடுத்துவெச்சவடி'ன்னு நீ சொல்றது இங்க கேக்குது. ஊர் என்னவோ படத்துல பாக்கிற மாதிரிதான் இருக்கு. ஓடுபாதையே கடலை ஒட்டித்தான். இறங்குறப்பவே கூட வந்தவங்க பாதிப் பேர் ஓலைத் தொப்பியை மாட்டிக்கிட்டாங்க. நான் லேப்டாப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டேன். அமெரிக்காவுல மெமோரியல் டேன்னு நீண்ட விடுமுறை, கால் குறைவா வரும். அந்த இடைவெளிக்குள்ள பழைய ரூட்டிங் சாஃப்ட்வேரை எடுத்துட்டுப் புதுசைப் போடணும். ஒஹாயோவுல இருந்து ஒரு பாட்டி கூப்பிட்டா, அந்தக் கால் எந்தப் பொண்ணு காதுல போய் விழணும்னு தீர்மானிக்கிறது அதுதான்.

இந்த ஊர்னா வெளியாளுக்கு ரிசார்ட்தான் ஞாபகம் வரும். துறைமுகத்தை ஒட்டி ஃப்ரீபோர்ட்னு ஒரு பகுதி இருக்கு. உல்லாசக் கப்பல் வந்து நிக்கிறதும் அங்கதான், கால் சென்டர்கள் இருக்கிறதும் அங்கதான். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஜமைக்கா ரொம்பத் தோது. எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், மயாமியில இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள பறந்து வந்துடலாம், கடிகாரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 'கிட்டத்தட்ட'ங்கிறதுலதான் எங்க உயிர் போச்சு. நியூயார்க்ல கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால தள்ளிவைப்பாங்க, ஜமைக்காவுல அந்தப் பழக்கமே கிடையாது. அதனால மார்ச்லயும் நவம்பர்லயும் அத்தனை பேர் ஷிஃப்டும் ஒரு மணி நேரம் நகரும். சனிக்கிழமை ராத்திரி நாங்க அதிகமா மல்லுக்கட்டினது இதோடதான்.

கால் எடுக்கிற ஃப்ளோர் எப்படி இருந்துச்சுன்னு நினைக்கிறே? நாம வேலை பாத்த கால் சென்டர்ல இருந்த அதே குளிர்தான்டி. வெளியில சட்டை உடம்போட ஒட்டுற புழுக்கம், உள்ளே பிள்ளைங்க ஹூடி போட்டுக் கழுத்துவரை இழுத்துவிட்டு உக்காந்திருக்குதுங்க. நாம சால்வை கொண்டுபோன காலம் நினைவுக்கு வந்துச்சு. புது சிஸ்டத்துல கால் சரியா விழுதான்னு பாக்க ஒரு பொண்ணு பக்கத்துல இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உக்காந்தேன். இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசு இருக்கும். நீளமா மஞ்சள் நகம், அதோட எப்படித்தான் அவ்வளவு வேகமா டைப் பண்றாளோ. எதிர்முனையில ஒரு பெரியவர். பில்லுல ஏதோ தப்பு, கத்துறார். இவ அப்பட்டமான அமெரிக்க உச்சரிப்புல 'சரி சார், புரியுது சார்'னு தடவிக்கொடுக்கிற மாதிரியே பேசுறா. மியூட் போட்ட அடுத்த நொடி பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட பாட்வாவுல, அதான் அவங்க ஊர்ப் பேச்சுல, என்னமோ சொல்லி ரெண்டு பேரும் குலுங்கிச் சிரிக்கிறாங்க. மியூட் எடுத்ததும் மறுபடி அந்தத் தேன் குரல். பெரியவர் கடைசியில அவளுக்கு நன்றி சொல்லித்தான் வெச்சார். இதைத் திறமை இல்லைன்னு சொல்றவனை அந்த சீட்ல ஒரு மணி நேரம் உக்கார வைக்கணும்.

ஒரு வித்தியாசம். 2004ல நம்மளை நீ 'மேகி', நான் 'சூசன்'னு ஆக்கினாங்களே. இவங்களுக்கு அந்தக் கூத்து தேவைப்படலை. சொந்தப் பேரையே சொல்லிக் காலை எடுக்கிறாங்க, ஒஹாயோக்காரருக்கு அது பழகின பேராத்தான் படுது. முதல்ல எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுது, அந்தப் பேரெல்லாம் எப்படி வந்துச்சுன்னு. கரும்புத் தோட்டத்து எஜமான் வெச்ச பேரு, அவனோட குடும்பப் பேரு. நம்ம 'சூசன்' விடிஞ்சா கழண்டுடுவா.

நான் போய் இறங்கின வெள்ளிக்கிழமை மே 23. அங்க அன்னிக்குத் தொழிலாளர் தினம். வழி நெடுக ஜனங்க பள்ளிக்கூடச் சுவருக்கும் ரோட்டோரக் கல்லுக்கும் பெயின்ட் அடிச்சிக்கிட்டிருந்தாங்க. லீவு விட்டுத் தூங்காம ஊருக்கு ஏதாவது வேலை செய்யறது அங்க வழக்கமாம். டிரைவர் ஹோட்டலுக்கு நேரா போகாம ஊர் நடுவுல சாம் ஷார்ப் சதுக்கத்துல வண்டியை நிறுத்தி, 'இதைப் பாத்துட்டுப் போங்க'ன்னார். கையில பைபிளோட ஒருத்தர் நின்னு பேசறார், சுத்தி நாலு பேர் கேக்கறாங்க, வெண்கலச் சிலை. பக்கத்துலயே 'கேஜ்'னு ஒரு சின்னக் கட்டடம். ஓடிப்போற அடிமைகளைப் பிடிச்சு அடைக்க 1806ல கட்டினது.

ஷார்ப் ஒரு அடிமை. அவர் பேரும் எஜமான் பேருதான். எழுதப் படிக்கத் தெரிஞ்சவர், பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபையில டீக்கன், அதாவது சபை ஊழியர். 1831ல கிறிஸ்துமஸ் முடிஞ்சதும், கூலி கொடுத்தாத்தான் கரும்பு வெட்டுவோம்னு எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடணும்னு தோட்டம் தோட்டமா ஆளுகளைச் சேர்த்தார். அதாவது வேலைநிறுத்தம். டிசம்பர் 27 ராத்திரி கென்சிங்டன் தோட்டத்துல தீ வெச்சதோட அது கைமீறிப் போச்சு. பட்டாளம் வந்துச்சு, முந்நூறு பேருக்கு மேல மரண தண்டனை கொடுத்துக் கொன்னாங்க. ஷார்ப்பை 1832 மே 23 அன்னிக்கு இதே சந்தைத் திடல்ல தூக்கிலிட்டாங்க. அடுத்த வருஷம் லண்டன்ல அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிடுச்சு. தொழிலாளர் தினம் அவருக்காக வெச்சது இல்லை, 1938ல நடந்த தொழிலாளர் கிளர்ச்சி நினைவா வெச்சது. தேதி ஒண்ணா அமைஞ்சது தற்செயல்தான். ஆனா டிரைவர் ரெண்டையும் ஒரே கதையாத்தான் சொன்னார். எனக்கும் பிரிச்சுப் பாக்கத் தோணலை.

கடலுக்கு வர்றேன். ஞாயிறு மதியம் கொஞ்சம் ஓய்வு கிடைச்சுது. ஹோட்டல்ல இருந்து கூப்பிடு தூரத்துல டாக்டர்ஸ் கேவ் பீச். வெள்ளை மணல், கண்ணாடித் தண்ணி. ஆனா வாசல்ல கவுன்டர், டிக்கெட், கைப்பட்டை. கடலுக்கு டிக்கெட்! தூத்துக்குடிக்காரி எனக்கு அது சகிக்கலை. காசு பெரிசில்லைடி, கடலைப் பாக்க வரிசையில நிக்கிறதே என்னமோ போல இருந்துச்சு. ஆனாலும் அங்க உள்ளூர்க்காரங்களும் போகலாம். மத்த இடத்துல பெரிய பெரிய ஹோட்டல் மதில்தான் கடலை மறைக்குது. 1956ல, வெள்ளைக்காரன் காலத்துல போட்ட கடற்கரைச் சட்டம்தான் இன்னும் அங்க ஆதாரம். அதன்படி கரையோரம் அரசாங்கத்தோடது, கடல்ல இறங்கிக் குளிக்கப் பொதுஜனத்துக்குப் பொதுவான உரிமை கிடையாது. அதை மாத்தணும்னு அங்க ஒரு கூட்டம் கோர்ட்டுக்கும் தெருவுக்கும் அலையுது. 2021ல ஹார்மனி பீச் பார்க்னு இலவசமா ஒண்ணு திறந்திருக்காங்க. சாயங்காலம் அங்க போனா குடும்பம் குடும்பமா கூட்டம், பிள்ளைங்க சத்தம். அங்கதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

அந்த நகப் பொண்ணுகிட்ட, 'நீ பீச்சுக்குப் போவியா?'ன்னு கேட்டேன். 'ஆறு நாள் ராத்திரி ஷிஃப்ட், லீவு அன்னிக்குத் துணி துவைக்கிறேன்'னா. அவங்க அம்மா ஒரு ரிசார்ட்ல ரூம் சுத்தம் பண்றாங்களாம், வேலை நேரத்துல பால்கனியில இருந்து தினமும் கடலைப் பாக்கறாங்களாம். குறையாச் சொல்லலை, சும்மா கேட்டதுக்குச் சொன்னா. அந்த ஊர்ல கடலைக் காட்டிக் காசு பாக்கறது யாரோ, அதுல இறங்கிக் குளிக்கிறது யாரோ. வேலைக்குப் போனதாலதான் எனக்கு இது கண்ல பட்டுச்சு. தொப்பியோட போயிருந்தா மதிலுக்கு அந்தப் பக்கத்துலயே இருந்துட்டு வந்திருப்பேன்.

சாப்பாடு பத்திச் சொல்லலைன்னா நீ விடமாட்டே. காலையில தள்ளுவண்டிக்காரம்மா 'கலலூ'ன்னு தட்டுல வெச்சாங்க. பாத்தா நம்ம தண்டுக்கீரை! வெங்காயம், தக்காளி, ஒரு காரமான மிளகாய் போட்டு வதக்கினது, கூட உப்புக்கருவாடு. தேங்காய் துருவிப் போட்டா உங்க வீட்டுப் பொரியலேதான். சீமைப்பலாவை முழுசா கரியில போட்டுத் தோல் கருகுறவரை சுட்டு, சீவி வெண்ணெய் தடவித் தர்றாங்க. அடிமைகளுக்கு மலிவாத் தீனி போடலாம்னு 1793ல பிளைன்னு ஒரு கேப்டன் கப்பல்ல கொண்டுவந்து இறக்கின மரம். இன்னிக்கு அதைச் சாப்பிடாத வீடு இல்லை. ஆட்டுக்கறி குழம்புக்குப் பேரே 'கறி கோட்'. 1845ல இருந்து 1917 வரை கூலி ஒப்பந்தத்துல கூட்டிட்டுப் போன நம்ம நாட்டு ஜனம், ஏறக்குறைய 36,000 பேர், விட்டுட்டு வந்த ருசி. மஞ்சள் தூக்கலா இருக்கு, கறிவேப்பிலை இல்லை. எனக்குப் பிடிச்சுது, உனக்குப் பிடிக்காது.

சரி, கீர்த்தி விஷயம். அனுப்பு. நாம கெட்டா போயிட்டோம்? பேசவும், கத்துறவங்ககிட்ட நிதானமா இருக்கவும் எனக்கு அந்த ரெண்டு வருஷம் சொல்லிக்கொடுத்ததுதான் இன்னிவரை ஓடுது. ஆனா சேர்றதுக்கு முன்னால சில விஷயம் கேட்டுக்கச் சொல்லு. வேன் ஹாஸ்டல் வாசல் வரை வருமா, இல்லை மெயின் ரோட்லயே இறக்கி விட்டுடுவாங்களா? கடைசியா இறங்குற பொண்ணு கூட செக்யூரிட்டி இருப்பாரா? ஷிஃப்டை மாத்தினா எத்தனை நாள் முன்னாடி சொல்வாங்க? பாண்ட்னு ஏதாவது நீட்டினா படிக்காம கையெழுத்துப் போட வேண்டாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, ஜெராக்ஸ் போதும். மத்ததை அவகிட்ட நானே பேசறேன். உங்க ராத்திரி பத்து மணிக்கு மேல கூப்பிடச் சொல்லு, எனக்கு அப்ப மதியச் சாப்பாட்டு நேரம்.

அன்புடன்,
சுமதி