பெயரில்லாத பற்றுச்சீட்டை ஏற்றுக்கொண்டவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம்.

பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் வேலைக்கென அரசாங்கம் ஒதுக்கிய காசின் இந்த வருடக் கணக்கு மூடப்படப் போகிறது. டிசம்பர் 31ஆம் திகதியோடு, செலவழியாத மிச்சம் திறைசேரிக்குத் திரும்பிவிடும். இம்முறை அந்தக் காசு போகவேண்டிய கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ப்பித்த நீங்கள் வன்னியில், துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் கண்டாவளையிலும் செட்டிகுளத்திலும் இருக்கிறீர்கள். மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தக்கூடிய வேலையல்ல இது. உங்கள் பெயரைச் சொன்னால், யாருக்கு உதவினீர்கள் என்பதை ஊர் கண்டுபிடித்துவிடும். அதனால் செய்ததை மட்டும் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி செயலகங்களின் கணக்குக் கிளையில் இருப்பவர்களுக்கு. அரசாங்கக் காசைக் கொடுத்தால் யாருக்குக் கொடுத்தோம் என்று காட்ட வேண்டும்: பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், கையொப்பம். தையல் மெசினுக்கும் கோழிக்குஞ்சுக்கும் அது சரி. அடிக்குப் பயந்து இரவோடிரவாகப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வெளியேறிய பெண்ணின் பெயரும், அவர் தங்கியிருக்கும் வீட்டு விலாசமும் ஒரு வவுச்சரில் ஏறினால், அந்த வவுச்சர் நாலு மேசைக்குப் போகும். நாலாவது மேசையில் கணவனின் சொந்தக்காரர் ஒருவர் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் அறியாத குடும்பங்கள் குறைவு.

கணக்காளரும் முகாமைத்துவ உதவியாளர்களும் இருந்து பேசி ஏற்றுக்கொண்ட முறை இது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் இலக்கம். பற்றுச்சீட்டில் அந்த இலக்கம், திகதி, தொகை, செலவின் வகை மட்டும் இருக்கும். இலக்கத்துக்குரிய பெயரும் கையொப்பமும் தடித்த அட்டை போட்ட ஒரேயொரு சீ.ஆர். கொப்பியில் இருக்கும். கொப்பி பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரின் பூட்டுள்ள அலுமாரியில் இருக்கும். பணம் உரியவரிடம் கொடுக்கப்பட்டது என்று அவரும் இன்னொரு உத்தியோகத்தரும் வவுச்சரில் அத்தாட்சிப்படுத்துவார்கள். கணக்காய்வுக்கு வருபவர் கேட்டால் அந்த அறையிலேயே இருந்து கொப்பியைப் பார்க்கலாம், போட்டோக்கொப்பி எடுக்க முடியாது.

இந்த முறையைப் பின்பற்ற விரும்பும் சங்கங்கள் இரண்டு விடயத்தில் கவனமாக இருங்கள். இலக்கத்துக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைப் போடாதீர்கள். ஊரும் திகதியும் தெரிந்தால் ஆளைப் பிடிப்பது சுலபம். 1, 2, 3 என்று ஒரே வரிசையில் போங்கள். அடுத்தது, முதல் சதம் செலவாகுமுன் இந்த முறைக்குக் கடிதத்தில் ஒப்புதல் வாங்குங்கள். செலவழித்த பிறகு கேட்டால் அது கணக்காய்வு வினாவாகத்தான் திரும்பி வரும். அப்போது உதவிசெய்த உத்தியோகத்தரே தன் கைக்காசைக் கட்டவேண்டி வரலாம்.

திட்டமிடல் கிளையினருக்கும் நன்றி. போக்குவரத்தைத் தனித் தலைப்பாகப் போட விட்டது நீங்கள். "விழிப்புணர்வு" என்று எழுதினால் எந்த முன்மொழிவும் இலகுவாக நகரும்: மண்டபம், பனர், சாப்பாட்டுப் பார்சல், வரவு இடாப்பு, படம். எல்லாவற்றையும் எண்ணிக் காட்டலாம். ஆனால் அடிபட்ட பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது பஸ் காசு. பொலிஸுக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை, சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியிடம் ஒருமுறை, பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பம் போட ஒருமுறை, பிறகு தவணைக்குத் தவணை நீதிமன்றம். போகும் நாளில் கச்சான் பிடுங்கும் கூலியோ களை எடுக்கும் கூலியோ இல்லை. கைப்பிள்ளையையும் கொண்டு போனால் மத்தியானச் சாப்பாடும் வேண்டும். இந்தச் சில்லறைச் செலவு இல்லாததால்தான் பல விண்ணப்பங்கள் இரண்டாம் தவணையோடு நின்றுபோகின்றன. அந்தப் பெண் மனம் மாறிவிட்டார் என்று கோவையில் எழுதிவிடுவார்கள்.

ஓட்டோ அண்ணாமாரே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. படலையில் கொண்டுவந்து நிறுத்தாமல் கோயிலடிச் சந்தியில் நின்றீர்கள். ஒரே வீட்டுக்கு ஒரே ஓட்டோ இரண்டுதரம் போகாமல் உங்களுக்குள்ளேயே மாறி மாறி ஓடினீர்கள். தேத்தண்ணிக் கடையில் வாயே திறக்கவில்லை. அச்சடித்த பில் இல்லாததால் வெள்ளைத்தாளில் வாகன இலக்கம், அடையாள அட்டை இலக்கம், தூரம், கிலோமீற்றருக்கான கட்டணம், கையொப்பம் என்று எழுதித் தந்தீர்கள். "எங்கிருந்து, எங்கே" என்ற இடத்தில் வீதியின் பெயரைப் போடாமல் பிரதேச செயலகப் பிரிவின் பெயரை மட்டும் போடச் சொன்னபோது ஏனென்று கேட்கவில்லை. முற்பணம் பிந்திய மாதங்களில் பெற்றோல் காசையும் உங்கள் பொக்கற்றிலிருந்தே போட்டீர்கள்.

பொலிஸ் நிலையங்களின் பெண்கள், சிறுவர் பிரிவில் தமிழில் முறைப்பாட்டை எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகே கையொப்பம் வாங்கிய சகோதரிகளை நன்றியோடு நினைக்கிறோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே நீதவான் நீதிமன்றில் விண்ணப்பம் செய்யலாம். அந்த வழியைப் பயன்படுத்தியவர்கள் நீங்கள். இடைக்காலக் கட்டளை 14 நாளுக்கு, விசாரணைக்குப் பிறகு கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை கூடியது 12 மாதத்துக்கு. அதை மீறினால் மறியலோ தண்டப்பணமோ இரண்டுமோ கிடைக்கலாம். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவார், தாய்வீடு வேறு பொலிஸ் பிரிவில் இருக்கும், அந்த நிலையத்தில் கட்டளையின் பிரதி இருக்காது. இரவு பத்து மணிக்குப் படலையில் நின்று கத்துகிறான் என்று கோல் எடுத்தால், என்ன கட்டளை என்று கேட்பார்கள். அதனால் கட்டளை கிடைத்த அன்றே மூன்று பிரதி எடுத்து, ஒன்றைப் புதிய இடத்துப் பொலிஸில் கையோடு கொடுத்து, இன்னொன்றில் "கிடைத்தது" என்று எழுதி வாங்க வேண்டும். நீதிமன்ற வாசலில் இருக்கும் போட்டோக்கொப்பிக் கடைத் தம்பி கடைசித் தவணைகளில் இதற்குக் காசே வாங்கவில்லை. நன்றி தம்பி.

ஆஸ்பத்திரியில், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம் என்ற பெயர்ப்பலகையுள்ள அறையில் இருக்கும் தாதியரும் வைத்தியர்களும் ஒரு விடயத்தைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தீர்கள். சிகிச்சைக்குப் பொலிஸ் படிவம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாலியல் வன்முறை என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு வேளைக்குப் போடுகிறாரோ அவ்வளவு பலன். குளிக்காமல், உடுப்புத் தோய்க்காமல் வரவேண்டும். உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டினால் எங்கள் வெக்கைக்கு உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்து, தடயம் கெட்டுவிடும்; ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனியாகக் கடதாசிப் பையில் வைக்க வேண்டும். இதைக் கேட்டறிந்த பலசரக்குக் கடை ஐயா ஒருவர், மண்ணிறக் கடதாசிப் பை ஒரு கட்டைத் தந்து, தீர்ந்துபோனால் திரும்ப வாருங்கள் என்றார். மாதர் சங்கங்களின் கையிருப்பில் இப்போது அவை இருக்கின்றன.

பாடசாலை மாறும் பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் வேண்டும். அதை எடுக்கப் பழைய பாடசாலைக்குப் போனால் தகப்பனுக்குத் தெரிந்துவிடும். பத்திரம் வருமுன்னரே பிள்ளையை வகுப்பில் இருத்தி, மீதியைத் தாங்களே கடிதத்தில் பார்த்துக்கொண்ட அதிபர்மாருக்கும், பகிடி பண்ணாமல் பக்கத்தில் இடம் கொடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. வதிவிடச் சான்றுக்கு அலைக்கழிக்காத கிராம உத்தியோகத்தர்களுக்கும் நன்றி.

அடுத்த வருடத்துக்கு முன்மொழிவு எழுதும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. காசு கைக்கு வர வருடத்தில் பாதி போய்விடும். வந்த காசை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஊர்க்கூட்டம் வைத்துச் செலவழிக்கத் திட்டம் போட்டால், அது காலபோக விதைப்பும் மழையும் சேரும் காலம். குளம் வான் பாய்ந்தால் பாதையே இருக்காது. பிறகு வருடக்கடைசியில் காசைத் தீர்க்கப் பனரும் ரீசேட்டும்தான் அடிக்க வரும். ஆகவே கூட்டங்களை முன்னுக்கு வையுங்கள், அலுமாரி, தொலைபேசி போன்ற பொருட்களுக்கான மூன்று கூறுவிலைகளை வேளைக்கே எடுத்து வையுங்கள், போக்குவரத்துத் தலைப்பின் காசை வேறு செலவுக்குத் திருப்பாமல் டிசம்பர் வரை காப்பாற்றுங்கள். வங்கிக் கணக்கில் கையொப்பமிடுபவர் ஊர் மாறினால் ஜனவரியிலேயே கூட்டம் போட்டு, அறிக்கைப் புத்தகத்தில் தீர்மானம் எழுதி மாற்றிவிடுங்கள். அது பிந்தினால் காசு வந்தும் எடுக்க முடியாமல் கிடக்கும். முற்பணம் எடுத்தால் நிகழ்ச்சி முடிந்த கையோடு பில்லைக் கொடுத்துத் தீருங்கள். முதலாவது தீராமல் இரண்டாவது வராது. சிறுவருக்கான 1929, பெண்களுக்கான 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கங்களைப் பனரில் போடுவதைவிடக் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கொப்பியைக் கணவன் திறந்து பார்ப்பது குறைவு.

கடைசியாக ஓட்டோ அண்ணாமாருக்கு: ஒக்டோபர், நவம்பர் ஓட்டங்களுக்கான தாள்கள் சிலரிடம் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து டிசம்பர் 10ஆம் திகதிக்குள் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் காசை எடுத்து வைத்திருக்கிறோம்.

நன்றியுடனும் அன்புடனும்,
வன்னி மாதர் சங்கங்களின் சார்பில்