இன்ஹேலருக்குப் பூட்டு வேண்டாம்: பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். பிள்ளைகள் கொண்டுவரும் மருந்து எதுவானாலும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி ஏன் வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். மாத்திரை கைமாறிப் போய் வேறொரு பிள்ளை விழுங்கிவிடக் கூடாது. அந்த அக்கறையை மதிக்கிறோம். ஆனால் அதே விதியில் ஆஸ்துமா பிள்ளைகளின் இன்ஹேலரும் மாட்டிக்கொண்டது. அதைப் பூட்டி வைக்க வேண்டாம் என்று நேரிலும் சொன்னோம், எழுதியும் கொடுத்தோம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில வாரங்களில் வகுப்புக்கு வகுப்பு சளி பரவியது. அதன் பின்னாலேயே மூச்சு வாங்கியபடி பிள்ளைகள் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் இதுதான் நடக்கிறது. அதனால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

"சளிதானே" என்று விட்டுவிடுவதில்தான் முதல் தவறு. சளிக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோ வைரஸ். அதில் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்று வந்து போனாலும் அடுத்தது வரும். மூக்கின் உட்சவ்வில் நுழையும் இந்த வைரஸ், ஃப்ளூவைப் போலச் சவ்வைப் பெரிதாக அரித்துவிடுவதில்லை. தொல்லையில் பெரும்பங்கு நம் உடலின் எதிர்வினையால் வருகிறது. வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைக் கண்டுகொண்ட சவ்வுச் செல், வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரானையும் இன்டர்லூக்கின்-8 போன்ற அழைப்புச் சமிக்ஞைகளையும் வெளியிடும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரண்டு வரும், ரத்தக் குழாய்கள் கசியும், சவ்வு வீங்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது மூக்கோடு நின்று, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அப்படி நிற்பதில்லை. வைரஸ் கீழே மூச்சுக்குழலுக்கும் இறங்குகிறது. அங்கே சவ்வு டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின்-33 போன்ற அபாயச் சமிக்ஞைகளை விடும்போது, ஏற்கெனவே ஒவ்வாமையோடு இருக்கும் குழல் இன்னும் சிவக்கிறது. ஒவ்வாமையில் பெருகும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன, கோழை கெட்டியாகிறது, குழலைச் சுற்றிய தசை இறுகுகிறது. குழலின் ஆரம் பாதியானால் காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காகும். மூக்கில் லேசாகத் தெரிகிற வீக்கம் சிறிய குழலில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலிருந்தே புரியும். 9 முதல் 11 வயதுள்ள பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா மோசமான சமயங்களில் பத்துக்கு எட்டு முறை சளி வைரஸ் பிடிபட்டது. அவற்றிலும் பெரும்பங்கு ரைனோ வைரஸுக்கே.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். நேற்று மூக்கு ஒழுகிய பிள்ளை இன்று மதியம் இருமத் தொடங்குகிறது. தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுகிறது, கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறது. ஆசிரியர் என்னவென்று கேட்டால் பதில் ஒரு வாக்கியமாக வருவதில்லை. இரண்டு சொல், ஒரு மூச்சு, மறுபடி இரண்டு சொல். அதே பிள்ளையை மாடிப்படி இறக்கி அலுவலகத்துக்கு அனுப்புகிறீர்கள். அலமாரி பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார். காத்திருக்கும்போது இழுப்புச் சத்தம் குறைகிறது. "அடங்கிவிட்டது" என்று சுற்றியிருப்பவர்கள் நிம்மதியாகிறார்கள். நெஞ்சுக்குள் காற்றே போகாததால்தான் சத்தம் அடங்கியிருக்கும். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் நிமிடம் அதுதான்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது சிறிய வேலை. பிள்ளையை நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். இறுகிய தசையைத் தளர்த்தும் நீல நிற சால்புடமால் இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் (மருந்தைப் பிடித்துவைத்து மூச்சோடு இழுக்க உதவும் குழாய்) பொருத்தி, ஒரு பஃப் அழுத்தி, நான்கு முறை மூச்சை இழுத்துவிடச் சொல்லுங்கள். இப்படி நான்கு பஃப், ஒவ்வொன்றாக. அவசரத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஸ்பேசர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நுரையீரலுக்குப் போகும் மருந்து குறைந்துவிடும். நான்கு நிமிடம் பாருங்கள். தெளியவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ பேச முடியாவிட்டாலோ நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டாம், உடனே அழையுங்கள்.

வேறொரு பிள்ளை விளையாட்டாக ஒரு பஃப் இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். சற்று நேரம் படபடப்பு வரலாம், கை நடுங்கலாம். அதையும், மூச்சுத் திணறும் பிள்ளை சாவிக்காகக் காத்திருப்பதையும் ஒரே தட்டில் வைக்க எங்களால் முடியவில்லை.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டு, காய்ச்சலோடு வருகிறார்களே என்று வருந்துவது சரியா? மூக்குச்சளி பச்சையாக இருக்கிறது, ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகே வகுப்புக்கு வரலாம் என்று திருப்பி அனுப்புகிறீர்கள். அந்தப் பச்சை நியூட்ரோஃபிலில் உள்ள ஒரு நொதியின் நிறம். பாக்டீரியா இருக்கிறது என்பதற்கு நிறம் மட்டும் சான்றாகாது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலையும் செய்யாது. விடுதியுள்ள சில பள்ளிகளில், சளி பிடித்ததும் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடுகிறார்கள். அழற்சியை அடக்கும் மருந்தே அதுதான். அது மிக அதிகமாகத் தேவைப்படும் வாரத்தில் நிறுத்தினால் பிள்ளை என்ன செய்யும்?

கோபம் தெரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: இன்ஹேலரும் ஸ்பேசரும் பூட்டுக்கு வெளியே, பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வளர்ந்த பிள்ளை தன் பையில் வைத்துக்கொள்ளட்டும். சிறு பிள்ளையினுடையது பெயர் எழுதி வகுப்பாசிரியரின் மேசையில் இருக்கட்டும். டோஸ் எண்ணியில் மீதி எவ்வளவு, காலாவதித் தேதி என்ன என்பதை மாதம் ஒருமுறை யாராவது பார்க்கட்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறி மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் விதியில் இந்த ஒரு வரியைத் திருத்தித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஆசிரியர்களுக்குச் செய்துகாட்ட அரை மணி நேரம் ஒதுக்கினால், எந்த நாள் சொன்னாலும் வருகிறோம்.

அன்புடன்,
குழந்தைகள் சுவாச நலப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்