கொதிக்க வைத்த பால் பாட்டிலைத் துடைக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பால் பாட்டில் சுத்தம் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். கழுவுவது, கொதிக்க வைப்பது வரை எல்லாம் சரி. கடைசி வரியில் சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைத்து மூடி வைக்கச் சொல்லியிருந்தீர்கள் பாருங்கள், அங்கேதான் தூக்கிவாரிப் போட்டது.

என் மகனுக்கு நாலு மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்பினேன். பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன், பகலில் அத்தைதான் கொடுப்பார்கள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் பாட்டிலையும் நிப்பிளையும் போட்டு, இடுக்கியால் எடுத்து, இவ்வளவும் முறையாகச் செய்துவிட்டு கடைசியில் முந்தானையை விரலில் சுற்றி உள்ளே விட்டு ஒரு துடை! ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, எதையும் ஈரத்தோடு எடுத்து வைத்தால் நம் வீடுகளில் யாருக்கும் மனசு கேட்காது.

ஆனால் கண்ணுக்கு எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் துணி கொதித்த துணி இல்லையே. அதிலிருக்கும் கிருமி நேராகப் பாட்டிலுக்குள் போகும், கொதிக்க வைத்த கேஸ் வீண். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி, துண்டால் துடைக்கவோ ஒற்றவோ கூடாது, காற்றில் தானாக உலரட்டும் என்றே சொல்கிறது. கையை சோப்புப் போட்டுக் கழுவி, பாட்டிலை நன்றாக உதறி, இதுவரை பயன்படுத்தாத சுத்தமான துண்டின் மேலோ டிஷ்யூ பேப்பரின் மேலோ தூசி படாத இடத்தில் வைத்தால் போதும். மொட்டை மாடி வெயிலில் வைக்கலாமே என்பார்கள், தூசியும் காக்காயும் இருக்கிற இடத்தில் எதற்கு அந்த வேலை.

இன்னொன்று, உடனே பால் ஊற்றப் போகிறீர்கள் என்றால் உள்ளே ஒட்டியிருக்கும் நாலு சொட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதுவும் கொதித்த தண்ணீர்தான். ஈரத்தோடு இறுக்கி மூடி அலமாரியில் வைப்பதுதான் வம்பு, கிருமியும் பூஞ்சையும் வளர ஈரம் போதும். சென்னையில் ஐப்பசி மழையில் ராத்திரி முழுக்க வைத்தும் நிப்பிளுக்குள் ஈரம் நிற்கும். அந்த நாட்களில் நான் முன்கூட்டியே கொதிக்க வைப்பதை விட்டுவிட்டு, வேண்டும்போது மட்டும் செய்தேன்.

பாட்டிலே வேண்டாம், சங்கில் கொடுங்கள் என்று எங்கள் டாக்டர் சொன்னார். வாய் அகலமாக இருப்பதால் கழுவவும் சுலபம், சீக்கிரம் காய்ந்தும்விடும். அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. 1992 சட்டப்படி நம் நாட்டில் பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, அது நல்லதுதான். ஆனால் வேறு வழியில்லாமல் வாங்குகிறவர்கள் இந்த மாதிரிப் பக்கங்களைத்தானே நம்புகிறோம்? அந்தக் கடைசி வரியை அடுத்த இதழிலேயே திருத்திப் போடுங்கள், மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை