ஒப்பிப்பது சொற்பொழிவாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டில் பள்ளி ஆண்டு விழாவானாலும் நூல் வெளியீடானாலும் மணிவிழாவானாலும், மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் நடப்பதில்லை. பேசுவோருக்குப் பஞ்சமில்லாத இப்பகுதியில், கேட்போர் பாதியிலேயே எழுந்து பந்திக்குப் போய்விடுவதும் வழக்கமாகிவிட்டது. மக்களுக்குப் பொறுமை இல்லை என்று மேடையில் இருப்பவர்கள் குறைப்படுகிறார்கள். மேடைக்கு ஆளைப் பழக்கும் முறையில்தான் கோளாறு என்பது ஓய்வு பெற்ற தமிழாசிரியனாகிய என் எண்ணம்.

பேச்சுப் போட்டிகளையே எடுத்துக்கொள்வோம். காந்தி, அம்பேத்கர், பெரியார், அண்ணா முதலிய தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்திப் பரிசுத் தொகையும் வழங்கி வருவது பாராட்டத்தக்கது. ஆனால் போட்டிக்கு வரும் பிள்ளைகளில் பலர் பேசுவதில்லை, ஒப்பிக்கிறார்கள். உரையை ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுக்க, எந்தச் சொல்லில் கையை உயர்த்துவது, எந்த வரியில் குரலை ஏற்றுவது என்பதுவரை வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. நடுவில் ஒரு சொல் மறந்துவிட்டால் அந்தக் குழந்தை அடுத்த கருத்துக்குத் தாவுவதில்லை. கண்ணை மேலே செருகி, உதட்டுக்குள் முணுமுணுத்து, பத்தியின் முதல் வரிக்கே திரும்பிப்போய் அங்கிருந்து மறுபடியும் ஓடிவருகிறது. எதிரே இருப்பவர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க அதற்கு ஏது நேரம்? நடுவர்களும் தடங்கல் இல்லாமல் முடித்த பிள்ளைக்கே மதிப்பெண் போடுவதால், அடுத்த ஆண்டும் இதே கதைதான்.

இதற்கு மாற்று நம் ஊர்ப்பக்கமே இருக்கிறது. குன்றக்குடி அடிகளார் பொதுமக்களிடையே பரவச் செய்த பட்டிமன்றத்தில், முந்திப் பேசியவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு, அதற்கு அப்போதைக்கப்போது மறுமொழி சொன்னால்தான் அவையில் நிற்க முடியும். வீட்டில் உருப்போட்டு வந்தது முதல் இரண்டு நிமிடத்துக்குத்தான் உதவும். இன்றைய பட்டிமன்றங்களில் பல துணுக்குத் தோரணங்களாகிவிட்டன என்பது வேறு வருத்தம். ஆயினும் வகுப்பறையில் வாரம் ஒரு பாடவேளை இந்த முறையில் மாணவர்களைப் பேசவிட்டால், குறிப்புச் சீட்டில் நான்கு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு கேட்போர் முகம் பார்த்துப் பேசும் பழக்கம் தானாகவே வரும்.

பெரியவர்களிடம் உள்ள குறை வேறு. முன்னிலை வகிப்பவர், வாழ்த்த வந்தவர், பொன்னாடை போர்த்தியவர் என ஒவ்வொருவரையும் ‘அவர்களே’ போட்டு விளித்து முடிப்பதற்குள், கேட்போர் ஊன்றிக் கேட்கக்கூடிய தொடக்க நேரம் போய்விடுகிறது. வரவேற்புரையில் ஒருமுறை சொன்ன பெயர்களைப் பின்வருவோர் ஒவ்வொருவரும் திரும்பச் சொல்வது என்ன மரியாதையோ தெரியவில்லை. 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன், குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பதில் கண்டிப்பானவர் என்பதை ஊரில் மூத்தவர்கள் இன்றும் சொல்லிக் கேட்கலாம். அந்தக் கண்டிப்புக்குப் பழகிய ஊரில், ஐந்து நிமிடம் என்று மேடையேறி அரைமணி நேரம் பேசுவது அழகல்ல.

இன்னொன்று, பலரும் பொருட்படுத்தாதது: கூடத்தின் அமைப்பு. வழவழப்பான சுவரும் கல் தரையும் உயர்ந்த கூரையும் கொண்ட மண்டபங்களில் ஒலி எதிரொலித்து, ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் விழுகிறது. அங்கே குரலை உயர்த்த உயர்த்த இரைச்சல்தான் கூடும். நிறுத்தி நிதானமாகப் பேசினால் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் வெடிபோல அதிரும். ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் போதும். ஒலிபெருக்கிப் பெட்டி பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்து அதன் ஒலி மைக்கிலேயே திரும்ப விழுந்தால் கூவல் எழும். ஆகவே கூட்டம் கூடுமுன் பேச்சாளர் ஒருமுறை மேடையில் நின்று பேசிப் பார்ப்பதற்கு மைக் செட்காரர் இடம் கொடுக்க வேண்டும்.

போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பேசி முடித்ததும், அவர் பேசியதிலிருந்தே நடுவர் ஒரு கேள்வி கேட்டு, அதற்குச் சொல்லும் மறுமொழிக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். இதை வரும் கல்வியாண்டிலேயே நம் வட்டாரப் பள்ளிகள் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
காரைக்குடி.