சைக்கிள் சங்கிலிக்குக் கறுப்பு ஆயில் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் முப்பத்தொரு ஆண்டுகள் தபால்காரராகச் சைக்கிள் மிதித்து ஓய்வு பெற்றவன் நான். ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கும் நிலையில், சைக்கிள் சங்கிலிக்கு எந்த எண்ணெய் விடுவது என்பது பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற வாரம் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடையில், அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியோடு பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். வண்டி புதிது; சங்கிலி மட்டும் அதற்குள் செம்பழுப்பேறிக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர், மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்துத் தகர டப்பாவில் வைத்திருந்த கறுப்பு ஆயிலில் பழைய பிரஷ் ஒன்றைத் தோய்த்து, துருவைக்கூடத் துடைக்காமல் சங்கிலி நெடுகப் பூசிவிட்டார். சத்தம் உடனே நின்றது. சீருடையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் அந்தப் பெண் மகிழ்ச்சியோடு கிளம்பிப் போனாள்.

ஓடிக் கழிந்த இன்ஜின் ஆயிலில் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். அதைச் சங்கிலிக்கு விடுவது, எண்ணெயோடு பொடி மணலையும் சேர்த்து ஊற்றுவதற்குச் சமம். நெடுநாள் தோலில் பட்டால் புற்றுநோய் அபாயம் உள்ள பொருள் என்பதால், நாள் முழுவதும் அதைக் கையால் அளையும் கடைக்காரருக்கும் அது நல்லதன்று.

சங்கிலியில் உண்மையான உராய்வு, கண்ணிகளை இணைக்கும் பின்னுக்கும் அதைச் சூழ்ந்த புஷ்ஷுக்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாத உள்ளிடத்தில் நடக்கிறது. அந்த மெல்லிய இடுக்கில் கசிந்து இறங்கும் அளவுக்கு எண்ணெய் நீர்த்ததாகவும், இறங்கிய பின் வழிந்து ஓடிவிடாத அளவுக்குக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கிரீஸ் இந்தச் சோதனையில் தேறாது. வெளியே அப்பினால் வெளியேதான் நிற்கும், தேவனாம்பட்டினத்து மணலையெல்லாம் வாரி ஒட்டிக்கொள்ளும். வீட்டுத் தேங்காய் எண்ணெயோ மார்கழி விடியலில் உறைந்துவிடும். நல்லெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகும். கடைகளில் கிடைக்கும் டபிள்யூடி-40 என்ற தெளிப்பானைச் சிலர் சங்கிலி எண்ணெயாகவே பயன்படுத்துகின்றனர். 1953இல் அமெரிக்காவில் நீரை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட கலவை அது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்தப் பெயர். 2015 வெள்ளத்தில் மூழ்கிய என் சைக்கிளை அதைக் கொண்டுதான் மீட்டேன். ஆயினும் அதைத் தெளித்து ஈரம் போன பிறகு வேறு எண்ணெய் விட்டாக வேண்டும். அது மட்டும் சங்கிலியில் நெடுநாள் நிற்பதில்லை.

பணிக்காலத்தில் நான் கடைப்பிடித்த முறை எளிது. மாசி முதல் ஆடி வரை தையல் மெஷின் எண்ணெய், வாரம் ஒருமுறை. மழை தொடங்கியதும் அது ஒரே நாளில் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால், அதைவிடக் கெட்டியான, 20டபிள்யூ-40 என்ற தரத்துப் புதிய இன்ஜின் ஆயிலுக்கு மாறிவிடுவேன். இப்போது சைக்கிளுக்கென்றே வெட் லூப், டிரை லூப் என்று இரு வகை எண்ணெய்கள் விற்கின்றன. வெட் லூப் உலராமல் ஈரத்திலும் நின்று பிடிக்கும். டிரை லூப்பில் உள்ள மெழுகு சங்கிலியில் உலர்ந்து படிவதால் தூசி அவ்வளவாக ஒட்டாது. ஆனால் நல்ல மழையைத் தாங்காது. நம் ஊரில் மழை இல்லாத இரவிலும் காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவேற்றுவதால், ஒன்றை மட்டுமே வாங்க முடிந்தவர்களுக்கு வெட் லூப்பையே சொல்வேன்.

எதை விட்டாலும், முதலில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் சங்கிலியைத் துடைத்துக் காயவிட வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது. கடற்கரைக்குப் போய்வந்த வண்டியென்றால் அதற்கும் முன்னதாக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிறகு பெடலைப் பின்பக்கம் மெல்லச் சுற்றியபடி கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்து வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். விட்ட எண்ணெயைத் துடைப்பதா என்று பலர் கேட்பார்கள். வெளியே நிற்கும் எண்ணெயால் சங்கிலிக்குப் பயன் இல்லை, மணலுக்குத்தான் பயன். ரிம்மில் சிந்தினால் பிரேக்கும் வழுக்கும்.

சங்கிலி தேய்ந்துவிட்டதா என்பதை வீட்டிலேயே அறியலாம். ஒரு கண்ணி அரை அங்குலம் என்பதால் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். எஃகு அளவுகோலை வைத்துப் பார்க்கையில் அதைவிட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியை மாற்றிவிடலாம். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டுவிட்டால் முன்னே உள்ள பல்சக்கரமும், பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீல் என்ற பல்சக்கரமும் சேர்ந்தே போயிருக்கும், செலவு பன்மடங்காகும்.

மாணவர்களிடம் மிதிவண்டியை ஒப்படைக்கும் நாளில், உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடம் இதைச் செய்து காட்டினால் போதும். ஒரு சங்கிலிக்கு ஏறத்தாழ 110 கண்ணிகள். கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் ஐந்தாறு மில்லி எண்ணெய்தான் ஆகும். பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் மழைக்கு முன்பாக ஒரு லிட்டர் நல்ல எண்ணெய் வாங்கிக் கொடுத்தால், நூற்றைம்பது வண்டிகளுக்கு மேல் வரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
கடலூர் முதுநகர்.