பூனைக்குப் பிறவியிலேயே வெள்ளெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் பூனையின் கண்ணைப் பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. 'மனிதனைவிடப் பூனைக்கு 6 மடங்கு கூர்மையான பார்வை. கும்மிருட்டிலும் எல்லாம் தெரியும். ஆனால் உலகம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும்' என்று மொத்தம் மூன்று வரி. மூன்றும் தப்பு. பக்கத்து வீட்டுச் சிறுமி அதைக் கத்தரித்துத் தன் பள்ளி ப்ராஜெக்ட் நோட்டில் ஒட்டி, பெருமையாக என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். மதுரையில் 31 வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்து, கண் சோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பவன் நான். என்னிடமே காட்டினால் எப்படிச் சும்மா இருப்பது?

வேடிக்கை என்னவென்றால், துணுக்குக்கு மேலே நீங்கள் போட்ட படமே அதை மறுக்கிறது. மனிதன் பார்க்கும் காட்சி மேலே, பூனை பார்க்கும் காட்சி கீழே என்ற அந்த ஜோடிப் படம், 2013இல் நிக்கோலாய் லாம் என்ற அமெரிக்கக் கலைஞர் கால்நடைக் கண் மருத்துவர்களைக் கலந்து செய்தது. இணையத்தில் நெடுநாளாகச் சுற்றுகிறது. அதில் பூனையின் பக்கம் எவ்வளவு மங்கல் என்று பாருங்கள். மங்கலான படத்தைப் போட்டு அடியிலேயே 'கூர்மை' என்று எழுதினால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

கண்ணாடிக் கடையில் 6 மீட்டர் தள்ளி எழுத்துப் பலகை மாட்டியிருப்போம், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேலே ஒற்றையாக ஒரு பெரிய எழுத்து. அதை மட்டும் படித்தால் 6/60. அதாவது, நல்ல கண் உள்ளவர் 60 மீட்டரிலிருந்து படிப்பதை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிப்பார். பூனையின் பார்வை 6/30க்கும் 6/60க்கும் நடுவில் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. என் நாற்காலியில் ஒரு பூனையை உட்காரவைத்தால் முதல் எழுத்தைப் படிக்கும், கெட்டிக்காரப் பூனையானால் அடுத்த வரியையும் படிக்கும், அத்தோடு சரி. நம் நாட்டில் 2017 வரை பார்வையின்மைக்கு 6/60தான் எல்லைக்கோடு. பிறகுதான் 3/60 ஆக மாற்றினார்கள். பழைய கணக்குப்படி நம் வீட்டுப் பூனைகளில் பல அந்தக் கோட்டு ஓரத்தில் நின்றவைதான்.

அப்படியானால் அந்த 'ஆறு' எங்கிருந்து வந்தது? நமக்குப் பொருள் தெரியத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனைக்குப் போதும். அது வெளிச்சக் கணக்கு. யாரோ அதைத் தூக்கிக் கூர்மைக் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் மின்சாரம் போன ராத்திரிகளில் நான் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பேன். மணி (பூனையின் பெயர்தான்) அலமாரி மேலிருக்கும் எவர்சில்வர் டம்ளர்களுக்கு நடுவே ஒன்றைக்கூடத் தட்டாமல் நடந்துபோகும். டார்ச் அடித்தால் இரண்டு பச்சை விளக்கு. அந்தக் காலத்தில் சுவரில் மாட்டும் சிம்னி விளக்குக்குப் பின்னால் பளபளவென்று ஒரு தகடு இருக்குமே, அதைப்போலப் பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒரு படலம் இருக்கிறது. டேப்பீட்டம் என்பார்கள். விழித்திரையில் பிடிபடாமல் தப்பிய வெளிச்சத்தை இது திருப்பி அனுப்பும். இரண்டாவது முறை பிடித்துக்கொள்ளலாம். போதாததற்கு, மங்கல் வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் நம்மைவிட நெருக்கமாக இருக்கின்றன. பல செல்களின் வரவு ஒரே நரம்பில் சேர்கிறது. சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் குடம் நிறையும், ஆனால் எந்தச் சொட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. கூர்மை போவது அங்கேதான். சொட்டே விழாத முழு இருட்டில் பூனைக்கும் ஒன்றும் தெரியாது. மீசையும் காதும்தான் துணை.

கண்பாவையையும் சொல்லவேண்டும். உச்சிவெயிலில் கோடு, ராத்திரியில் கோலிக்குண்டு. நம் கண்பாவை சுருங்கி விரிவதில் பரப்பளவு சுமார் 15 மடங்கு மாறும். பூனைக்கு 135 மடங்கு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2015இல் 214 நிலவாழ் உயிரினங்களின் கண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதுங்கிப் பாயும் விலங்குகளில், தரையை ஒட்டி நிற்கும் குள்ளமானவற்றுக்குத்தான் பெரும்பாலும் இந்த நெட்டுக்கோட்டுப் பாவை. இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டுக்கட்ட அது உதவுகிறதாம். உயரமான புலிக்கும் சிங்கத்துக்கும் வட்டம்தான். புலியைப் பார்த்துப் பூனை எவ்வளவு சூடு போட்டுக்கொண்டாலும் பாவை வட்டமாகாது.

கறுப்பு வெள்ளை விஷயமும் அப்படியே. நமக்கு நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை, பூனைக்கு முக்கியமாக இரண்டு: நீலத்துக்கு ஒன்று, மஞ்சள் கலந்த பச்சைக்கு ஒன்று. நீலமும் மஞ்சளும் கொஞ்சம் வெளிறித் தெரியும். சிவப்பும் பச்சையும்தான் குழம்பிப்போகும். பச்சைப் பாயில் சிவப்புப் பந்தை வாங்கிப்போட்டுவிட்டு 'விளையாடவே மாட்டேங்குது' என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் ஒரு நீலப் பந்து வாங்கிப் பார்க்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. மணியின் மூக்குக்கு நேர் கீழே ஒரு நெத்திலியைப் போடுங்கள். அது எதிரே இருப்பதை விட்டுவிட்டு இங்கும் அங்கும் மோந்து தேடும். அதே நெத்திலியை விரலால் சுண்டி நாலடி தள்ளி ஓடவிட்டால், விழுமுன் பாய்ந்துவிடும். பூனையின் விழிலென்ஸுக்குக் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும் சக்தி குறைவு. ஏறக்குறைய ஒரு சாணுக்குள் வந்தால் எல்லாமே கலங்கல். என் கடைப் பாஷையில் சொன்னால் பிறவியிலேயே வெள்ளெழுத்து. ரீடிங் கிளாஸுக்குப் பதில் மீசையை முன்னால் நீட்டித் தடவிப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அசைவு என்றால் விடாது. நமக்குப் பக்கத்துக்குப் பக்கம் 180 பாகை தெரியும், அதற்கு 200.

மாணவர் பக்கம் என்பதால் இன்னொன்றையும் சேர்த்திருக்கலாம். குழந்தைகளின் கண் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு பூனை கொடுத்தது. டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு மூளை ஆராய்ச்சியாளர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையை மூடித் தைத்து, சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண் நன்றாகத்தான் இருந்தது, மூளைதான் அந்தக் கண்ணை மறந்துவிட்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அப்படி ஆகவில்லை. படிக்கும்போதே மனசு கஷ்டப்படும் சோதனை, எனக்கு இன்றும் அதில் சமாதானம் இல்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறவிக் கண்புரையைச் சீக்கிரமே எடுத்துவிட வேண்டும், மூளை இப்படி ஒதுக்கிவிடும் சோம்பேறிக் கண்ணுக்குச் சின்ன வயதிலேயே நல்ல கண்ணை மூடிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற அவசரம் அதற்குப் பிறகுதான் வலுப்பட்டது. என் கடையிலோ இன்றும் வாரம் ஒருவராவது, 'மாறுகண் அதிர்ஷ்டம் சார், பெரியவனானா தானா சரியாயிடும்' என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் விழித்திரை நைந்துபோகும் என்று 1975இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அது கறியிலும் மீனிலும் உண்டு, தயிர்ச்சாதத்தில் தேறாது. அந்தக்காலத் தயிர்ச்சாதப் பூனைகள் கொல்லைப்புறத்தில் எலி பிடித்துக் கணக்கை நேர்செய்துகொண்டன. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் கதவடைத்து வளர்க்கும் பூனைக்கு எலி ஏது? பார்வை போனபிறகு சத்து கொடுத்தால் போனது திரும்பாது.

அடுத்த இதழில் திருத்தம் போட்டால், பழைய துணுக்கின் மேலேயே ஒட்டிக்கொள்வதாக அந்தச் சிறுமி சொல்லியிருக்கிறாள். நோட்டை 20ஆம் தேதி ஒப்படைக்க வேண்டுமாம். பசை அவளிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கண்ணாடிக்கடை வாசகர்,
மதுரை