சரவாக் உட்புறப் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில், ஆசிரியர் பயிற்சி முடித்த பெண்பிள்ளைக்குப் போர்னியோ தீவிலுள்ள சரவாக் மாநிலத்தின் உட்புறத்தில் வேலை என்று கடிதம் வந்தால் வீடே கலங்கிப் போகிறது. "ஆத்துல படகேறிப் போற ஊராம், வேணாம்மா" என்று பாட்டி அழ, மாற்றலுக்கு யாரைப் பிடிக்கலாம் என்று அப்பா அலைகிறார். அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே போய்த் துவண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாமல் போய் இறங்கியவர்கள். தடுக்காதீர்கள், ஆயத்தப்படுத்தி அனுப்புங்கள்.

முதலில் பயணம். சிபு நகரிலிருந்து ஆற்றின் மேல்பகுதியிலுள்ள காப்பிட் வரை விரைவுப் படகில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சாலையும் இருக்கிறது. அதற்கு மேல் உள்ள பல பள்ளிகளுக்கு நீளப் படகுதான். நடுவில், தாழ்வாக உட்கார வேண்டும். பாதுகாப்பு ஜாக்கெட்டை மெத்தையாகப் போட்டு உட்காராமல் வார்களை இறுக்கி அணிய வேண்டும். வறண்ட மாதங்களில் தண்ணீர் குறைந்தால் இயந்திரத்தின் விசிறி பாறையில் மோதி உள்ளே இருக்கும் சிறு ஆணி உடையும். மாற்று ஆணி இருக்கிறதா என்று படகோட்டியிடம் கேட்பதில் தவறில்லை. மேலே மழை பெய்ததற்கு அடையாளம், ஆறு திடீரெனக் கலங்கி இலையும் கட்டையும் மிதந்து வருவது. அன்று பயணமே வேண்டாம்.

கடிகாரம் தீபகற்பத்திலும் சரவாக்கிலும் ஒன்றுதான். ஆனால் அங்கே சூரியன் நமக்கு முக்கால் மணி நேரம் முந்தி. மாலை 6.30க்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். இங்கே ஏழு மணிக்கும் வெளிச்சம் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பிற்பகல் 2 மணிக்குப் பிறகு நீண்ட படகுப் பயணம் தொடங்கவே கூடாது.

சான்றிதழ்களையும் நியமனக் கடிதத்தையும் இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுகும் பீப்பாயில் வையுங்கள். பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும். நம் நாட்டுக்குள்தான் என்றாலும், சரவாக்கில் நுழையும்போது நியமனக் கடிதத்தைக் குடிநுழைவு முகப்பிலேயே காட்ட வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவர் போல நுழைந்தால் 90 நாள் அனுமதிதான் கிடைக்கும்.

விடுதியில் மின்சாரம் சூரிய ஒளியிலும் டீசல் ஜெனரேட்டரிலும் ஓடுகிறது என்றால், 2,000 வாட் கெட்டிலைச் சொருகியதும் பள்ளி முழுக்க இருண்டு போகலாம். சமையலுக்குக் கேஸ் அடுப்பு, இஸ்திரி தேவைப்படாத துணி. தண்ணீர் பெரும்பாலும் மலை ஓடையிலிருந்து குழாய் வழி இறங்கும். கனமழைக்குப் பின் குழாயின் வாயை இலை அடைத்துக்கொள்ளும். வந்தாலும் தேநீர் நிறத்தில் வரும். ஆகவே மழைநீர்த் தொட்டி அவசியம். முதல் பத்து நிமிட மழையைக் கூரையோடு கழுவிப் போகவிட்டுப் பிறகு பிடித்து, கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கான நாப்கினையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போகட்டும். அங்கே கடையில் எப்போதும் இருக்காது. தலைமையாசிரியரிடம் முதல் நாளே கேட்க வேண்டியவை: குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள், அறைக்குப் புதுப் பூட்டு. இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

காய்ச்சலை மட்டும் "பாரசெட்டமோல் போட்டுக்கோ" என்று தொலைபேசியில் சொல்லி முடித்துவிடாதீர்கள். குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா காப்பிட் வட்டாரத்தில் பரவலாக இருப்பது 2004இல் வெளியானது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். 2017 முதல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோயும் இருக்கிறது. கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே கிளினிக்.

வகுப்புக்கு வருவோம். பிள்ளைகள் குறைவான பள்ளியில் இரண்டு வகுப்பு மாணவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பார்கள். இரண்டு பாடத்தையும் ஒரே நேரத்தில் நடத்தப் பார்த்தால் இரண்டும் கெடும். முதல் ஐந்து நிமிடம் எல்லாருக்கும் பொதுவாக. பிறகு பெரியவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுச் சின்னவர்களுடன் 20 நிமிடம். அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த எழுத்து வேலை, நடுவில் எழுந்து வந்து கேட்கத் தேவையில்லாததாக இருக்க வேண்டும்.

முதலாம் ஆண்டுப் பிள்ளை வீட்டில் பேசுவது இபானாகவோ காயானாகவோ இருக்கும். மலாய் அதற்கு இரண்டாம் மொழி. நம் தோட்டத்துப் பிள்ளை முதல் மலாய் வகுப்பில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதே விழிப்புதான். இபானில் "என்டா நெமு" என்றால் "தெரியாது" என்று பொருள். ஏழு வயதில் தாயைப் பிரிந்து பள்ளி விடுதியில் தங்கும் குழந்தை நள்ளிரவில் வந்து "பெடிஸ் பெருட்" என்றால் வயிறு வலிக்கிறது. இப்படி ஐம்பது சொல் எழுதிய சிறு நோட்டு, கொண்டுபோகும் எந்தக் கற்றல் கருவியையும்விடப் பயன்படும்.

பணம். உட்புறப் படித்தொகை இடத்தைப் பொறுத்து மாதம் 500, 1,000, 1,500 வெள்ளி (ரிங்கிட்) என மூன்று படியாக வகுக்கப்பட்டது. ஆனால் முதல் சம்பளமே தாமதமாகலாம். இரண்டு மாதச் செலவுக்குச் சில்லறை நோட்டாகக் கொடுத்தனுப்புங்கள். ஆற்றோரத்தில் ஏடிஎம் கிடையாது.

மாவட்டக் கல்வி அலுவலகங்களுக்கும் ஒரு கோரிக்கை. நியமனக் கடிதத்தோடு அந்தப் பள்ளியின் தண்ணீர், மின்சாரம், தங்குமிடம், கடைசிப் படகு நேரம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்தால் போதும். பாதி அழுகை அங்கேயே நிற்கும்.

பெற்றோர்களே, சிக்னல் இல்லாத இடத்துக்கு ஒவ்வோர் இரவும் அழைத்துப் பார்த்துப் பதறாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரம் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். பள்ளி, மாவட்டக் கல்வி அலுவலகம், படகோட்டி ஆகிய மூன்று எண்களும் உங்கள் வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கட்டும்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்